வீட்டுக்குள் ஒரு டிஎன்எஸ் சர்வர்: யார் யாரைக் கேட்கிறார்கள்?

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து மதுரை வீட்டுக்குத் திரும்பியபோது இரவு பத்து மணி. கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தோம். ஐந்து நாள் வீடு மின்சாரம் இல்லாமல் கிடந்தது. சுவிட்சைப் போட்டேன். ரவுட்டரில் பச்சை விளக்கு, அலமாரி மேல் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் சிவப்பு விளக்கு, ஃபோனில் வைஃபை முழுக் கோடு. ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. "நெட் வரலடா" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். நெட் வந்துகொண்டுதான் இருந்தது. 1.1.1.1 என்ற எண்ணுக்கு பிங் போட்டால் உடனே பதில் வருகிறது. பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் மௌனம். தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண்ணைச் சொல்ல வேண்டிய ஆள், நானே பெருமையாக டாக்கர் கன்டெய்னரில் (நிரலைத் தனிப் பெட்டியாக அடைத்து ஓட்டும் ஏற்பாடு) நிறுவி வைத்திருந்த டிஎன்எஸ் சர்வர்.

காரணம் கடிகாரம். கடிகாரத்துக்கும் பெயர் தேடலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று இரவு எனக்கும் சட்டென்று பிடிபடவில்லை. டாக்கரில் டிஎன்எஸ் நிறுவும் செய்முறை பத்து வரியில் கிடைக்கும். அதன்படி செய்தால் பத்து நிமிடத்தில் ஓடவும் ஓடும். அந்தப் பத்து வரியில் வராத சங்கதி ஒன்று உண்டு. கணினி எழும்போது கன்டெய்னர்தான் கடைசியாக எழுகிறது. டிஎன்எஸ்ஸோ எல்லாவற்றுக்கும் முன்னால் தேவைப்படுவது. அஸ்திவாரத்தைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் கட்டுகிற மாதிரி. கட்டலாம், தப்பில்லை. எது எதைத் தாங்குகிறது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வந்த சிக்கல்கள் அத்தனையும் ஒரே கேள்வியில்தான் அவிழ்ந்தன: இந்த இடத்தில் யார் யாரைக் கேட்கிறார்கள்?

யாருக்கும் எல்லாம் தெரியாது

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது அதை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மோக்காபெட்ரிஸ் வேறொரு ஏற்பாட்டை எழுதினார். 1987-இல் திருத்தி வெளியான 1034, 1035 எண் ஆர்எஃப்சி (இணைய விதிமுறை) ஆவணங்கள்தான் இன்றைக்கும் அடிப்படை. அதன் சாரம் எளிது: யாருக்கும் எல்லாம் தெரிய வேண்டாம், அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

தமிழ்நாடு அரசின் தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சார்பில் தேடப் புறப்படுபவருக்கு முதலில் தெரிந்தது ரூட் சர்வர்களின் எண்கள் மட்டும். ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் உலகெங்கும் பல இயந்திரங்கள் ஒரே முகவரியில் நிற்கின்றன. ரூட்டிடம் முழுப் பெயரைக் கேட்டாலும், "டாட் இன் சமாச்சாரமா, அவர்களைக் கேள்" என்று நாலைந்து முகவரிகளைத் தரும். அவர்கள் அடுத்த படியைக் காட்டுவார்கள். கடைசிப் படியில் இருப்பவர்தான் எண்ணைச் சொல்வார். ஊருக்குப் புதிதாக வந்தவர் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து, டீக்கடை, தெருமுனை என்று விசாரித்துக்கொண்டே வீடு வந்து சேர்வது போல. கிடைத்த பதிலை, அதோடு வரும் டிடிஎல் என்ற கெடு முடியும்வரை நினைவில் வைத்துக்கொள்வார். அடுத்த முறை அதே பெயரைக் கேட்டால் அலைய வேண்டியதில்லை.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. விசாரித்துக்கொண்டு அலைபவர் ரிசால்வர். கடைசியில் "இதுதான் எண்" என்று அதிகாரத்தோடு சொல்பவர் அத்தாரிட்டேட்டிவ் சர்வர். இரண்டையுமே டிஎன்எஸ் சர்வர் என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1984 வாக்கில் பிறந்த பைண்ட் இரண்டு வேலையும் செய்யும், குழப்பத்தில் அதற்கும் பங்குண்டு. நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் எழுதும் அன்பவுண்ட் முக்கியமாக ரிசால்வர். பை-ஹோல், ஆட்கார்டு ஹோம் போன்றவை கேள்விகளை வடிகட்டி, விளம்பரத் தளங்களின் பெயர்களுக்குக் கையை விரித்துவிட்டு, மீதியை இன்னொரு ரிசால்வரிடம் அனுப்புபவை. என் வீட்டில் பை-ஹோல் ஒரு கன்டெய்னர், அன்பவுண்ட் ஒரு கன்டெய்னர். ஃபோன் பை-ஹோலைக் கேட்கும், பை-ஹோல் அன்பவுண்டைக் கேட்கும், அன்பவுண்ட் ரூட்டிலிருந்து தொடங்கி உலகத்தைக் கேட்கும்.

சொந்தமாக டொமைன் வாங்கி, அதற்கு அத்தாரிட்டேட்டிவ் சர்வரை வீட்டிலேயே ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். ஒரு டொமைனுக்கு இரண்டு நேம்சர்வராவது, அதுவும் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. நம் வீட்டு இணைப்புகளில் பலவற்றுக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய தனி முகவரியே கிடையாது.

கன்டெய்னர் எதைத் தருகிறது

கன்டெய்னரைக் குட்டிக் கணினி என்று நினைத்துக்கொள்வது தொடக்கத்துக்கு உதவும், அப்புறம் காலை வாரும். அதற்குத் தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, தனிக் கடிகாரமும் இல்லை. கோப்புகள், நெட்வொர்க், ஓடும் நிரல்கள் ஆகியவற்றின் ஒரு தனிப் பார்வை மட்டும் உண்டு. டிஎன்எஸ் சர்வருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. நிரல் சிறியது, அமைப்பு இரண்டு மூன்று கோப்புகளில் அடங்கும், நினைவில் வைத்திருக்கும் பதில்களான கேஷ் அழிந்தால் குடி முழுகாது. கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டு அமைப்புக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு வேறு கணினியில் ஐந்து நிமிடத்தில் எழுப்பலாம். அந்த வசதிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கன்டெய்னரை வார்க்கும் அச்சு போன்ற இமேஜை இணையத்திலிருந்து இழுக்கும்போது பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டுத்தான் இழுக்க வேண்டும். லேட்டஸ்ட் என்று விட்டுவைத்து, இரவில் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தவர்கள் 2025 பிப்ரவரியில் பாடம் படித்தார்கள். பை-ஹோல் 6-ஆம் பதிப்பு வந்தபோது அமைப்புக் கோப்பின் வடிவமும் கன்டெய்னருக்குத் தரும் மாறிகளின் பெயர்களும் மாறிவிட்டன. மற்ற நிரல் எதுவாக இருந்தாலும் உடைந்தால் இணையத்தில் தேடித் தீர்வு காணலாம். டிஎன்எஸ் உடைந்தால் தேடவே முடியாது.

கோப்புகளை வெளியிலிருந்து உள்ளே கொடுக்கும்போது ஒரு சின்ன விஷயத்தில் ஒரு மாலை முழுக்கப் போனது. அன்பவுண்டின் அமைப்புக் கோப்பு ஒன்றை மட்டும் தனியாக மவுண்ட் செய்திருந்தேன். விம் எடிட்டரில் திருத்திச் சேமிக்கிறேன், அன்பவுண்டை மறுபடி படிக்கச் சொல்கிறேன், பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. விஷயம் இதுதான்: விம் பல நேரம் பழைய கோப்பைத் திருத்துவதில்லை. புதுக் கோப்பு ஒன்றை எழுதி அதே பெயரைச் சூட்டிவிடுகிறது. கன்டெய்னருக்குள் மவுண்ட் ஆகியிருந்ததோ பெயரை இழந்த அந்தப் பழைய கோப்பு. கோப்புக்குப் பதிலாக அது இருக்கும் டைரக்டரியை மவுண்ட் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

53-ஆம் போர்ட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்

உபுண்டு கணினியில் டிஎன்எஸ் கன்டெய்னரை முதன்முதலாக எழுப்பும் எல்லாரும் பார்க்கும் பிழைச் செய்தி, டிஎன்எஸ் கேள்விகள் வந்து சேரும் வாசலான 53-ஆம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்பது. அங்கே உட்கார்ந்திருப்பவர் சிஸ்டம்டி-ரிசால்வ்டு. 127.0.0.53 என்ற முகவரியில் அந்தக் கணினியின் நிரல்களுக்குப் பதில் சொல்லும் இடைத்தரகர். பலரும் அதை அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த நொடி அந்தக் கணினிக்கே பெயர் தெரியாமல் போகிறது, கன்டெய்னருக்கு இமேஜ் இழுக்கக்கூட வழியில்லை. அதன் அமைப்பில் ஸ்டப் லிசனர் என்ற ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு, பெயர்களை யாரிடம் கேட்பது என்று கணினி பார்க்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைச் சரியான இடத்துக்குத் திருப்பினால் போதும். அதைவிடச் சுளுவான வழியும் உண்டு. கன்டெய்னரின் போர்ட்டை எல்லா முகவரிகளிலும் திறக்காமல், கணினியின் வீட்டு முகவரியில், உதாரணமாக 192.168.1.5-இல் மட்டும் திறங்கள். ரிசால்வ்டு 127.0.0.53-இல் இருக்கட்டும், இருவருக்கும் சண்டை வராது.

போர்ட்டைத் திறக்கும்போது 53:53 என்று மட்டும் எழுதினால் டாக்கர் அதை டிசிபி (முதலில் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பேசும் முறை) என்றே எடுத்துக்கொள்ளும். டிஎன்எஸ் கேள்விகளில் பெரும்பாலானவை, முன்கூட்டி இணைப்பில்லாமல் நேரே பாக்கெட்டை அனுப்பிவிடும் யுடிபியில் வருபவை. கன்டெய்னர் ஓடுகிறது, போர்ட் திறந்திருக்கிறது, பதில் மட்டும் வராது. யுடிபிக்கு ஒரு வரி, டிசிபிக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுத வேண்டும். சரி, யுடிபி மட்டும் போதாதா? போதாது. 1987-இன் விதிப்படி யுடிபி பதிலுக்கு வரம்பு 512 பைட். பிறகு வந்த ஈடிஎன்எஸ் நீட்டிப்பு அதைத் தளர்த்தியது. ஆனாலும் பெரிய பாக்கெட்டுகள் வழியில் துண்டாகித் தொலைவதால், 1232 பைட்டைத் தாண்ட வேண்டாம் என்று 2020-இல் டிஎன்எஸ் மென்பொருள் எழுதுபவர்கள் கூடிப் பேசிப் பரிந்துரைத்தார்கள். அதற்கு மேல் போனால் "பதில் முழுதாக இல்லை, டிசிபியில் வா" என்று சொல்லிவிடுவார்கள்.

கன்டெய்னர் உலகில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. சிறிய இமேஜ் வேண்டும் என்று எல்லாரும் எடுத்துக்கொள்ளும் ஆல்பைன் லினக்ஸில் இருப்பது மசல் என்ற சி நூலகம், நிரல்களின் பெயர் தேடலும் அதன் வழியாகத்தான். 2023-இல் 1.2.4 பதிப்பு வரும்வரை அதற்கு டிசிபியில் மறுபடி கேட்கத் தெரியாது. நீண்ட பதில் வரும் சில பெயர்கள் மட்டும் ஆல்பைன் கன்டெய்னர்களுக்குள் காரணமின்றித் தவறும். இன்றும் பழைய இமேஜ்களில் இந்தப் பேய் உலவுகிறது.

அடுத்தது அனுமதி. அன்பவுண்ட் இயல்பாக லோக்கல்ஹோஸ்டிலிருந்து, அதாவது தான் ஓடும் கணினியிலிருந்தே, வரும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் கன்டெய்னரேதான். பக்கத்துக் கன்டெய்னரான பை-ஹோல் கேட்டால்கூட அது அந்நியர். எந்த முகவரிகளில் காது கொடுக்க வேண்டும், எந்த வட்டாரத்துக்குப் பதில் தரலாம் என்று இரண்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆத்திரத்தில் எல்லாருக்கும் திறந்துவிடுவது சகஜம். வீட்டுக்குள் ரவுட்டர் காப்பாற்றும். இணையத்தில் வாடகைக்கு எடுத்த சர்வரான விபிஎஸ்ஸில் அதே அமைப்பை ஓட்டினால் கதை வேறு.

அங்கே இன்னொரு கண்ணியும் காத்திருக்கிறது. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 53-ஐ மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் போர்ட்டைத் திறக்கும்போது டாக்கர் தானே லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபி டேபிள்ஸில் விதிகளை எழுதுகிறது. வரும் பாக்கெட், யுஎஃப்டபிள்யூ காவல் காக்கும் வாசலுக்கு வருவதற்கு முன்பே கன்டெய்னர் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. பட்டியலில் மூடியிருக்கிறது, உண்மையில் திறந்திருக்கிறது.

உலகில் யார் கேட்டாலும் பதில் சொல்லும் ரிசால்வரை ஓப்பன் ரிசால்வர் என்பார்கள். யுடிபியில் கேட்பவரின் முகவரியைப் பொய்யாகப் போடலாம். சின்னக் கேள்வி ஒன்றை வேறொருவர் முகவரியில் அனுப்பினால் அவருக்குப் பெரிய பதில் போய் விழும். இந்த வழியில் தாக்குதலின் அளவு 28 முதல் 54 மடங்குவரை பெருகும் என்று அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பின் எச்சரிக்கை கணக்குச் சொல்கிறது. 2013 மார்ச்சில், ஸ்பாம் மெயில்களைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பைத் திணறடித்த தாக்குதல், இப்படிக் கதவு திறந்து கிடந்த ரிசால்வர்களின் முதுகில் ஏறி வந்ததுதான். உங்கள் பத்து வரி அமைப்பு யாருக்கோ கவண்கல்லாகிவிடக் கூடாது. விபிஎஸ் என்றால் விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) முகவரியில் மட்டும் போர்ட்டைத் திறப்பதே சரி.

கேட்பவர் யார் என்பதில் வேறொரு வேடிக்கையும் நடக்கும். விண்டோஸ், மேக் கணினிகளில் டாக்கர் டெஸ்க்டாப் வழியாக ஓட்டினால், வீட்டிலுள்ள ஃபோன், டிவி, லேப்டாப் எல்லாவற்றின் கேள்விகளும் பை-ஹோலின் பதிவேடான லாகில் ஒரே முகவரியிலிருந்து வந்ததாகத் தெரியலாம். நடுவில் இருக்கும் தரகர் தன் முகவரியைப் போட்டுவிடுகிறார். லினக்ஸில், கணினியின் நெட்வொர்க்கையே கன்டெய்னரும் பகிரும் ஹோஸ்ட் நெட்வொர்க் முறையில் ஓட்டினால் இந்தத் திரை விலகும். கன்டெய்னருக்கு வீட்டு நெட்வொர்க்கிலேயே தனி முகவரி தரும் மேக்விலான் முறையும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில், கன்டெய்னரைத் தாங்கி நிற்கும் கணினியால் மட்டும் அந்தக் கன்டெய்னரோடு பேச முடியாது. வீட்டில் எல்லாரும் பேசலாம், வீட்டுக்காரர் பேச முடியாது.

வீட்டுப் பெயர்கள்

பிரிண்டருக்கும் ஃபைல் சர்வருக்கும் பெயர் வைக்கும் ஆசைதான் பலரை இந்தப் பக்கம் இழுத்து வருகிறது. டாட் லோக்கல் என்று வைக்காதீர்கள். அது சாதனங்கள் சர்வர் இல்லாமல் தங்களுக்குள்ளேயே பெயர் கேட்டுக்கொள்ளும் எம்டிஎன்எஸ் என்ற வேறு ஏற்பாட்டுக்கு 2013-இல் ஒதுக்கப்பட்டது, ஆப்பிள் சாதனங்கள் அந்தப் பெயரை உங்கள் சர்வரிடம் கேட்காமலே போகலாம். வீட்டு உபயோகத்துக்கென்றே ஹோம்.அர்ப்பா என்பதை 2018-இல் ஒதுக்கினார்கள். யாருக்கும் பிடிக்காத பெயர், ஆனால் பாதுகாப்பானது. 2024-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு டாட் இன்டர்னலையும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு விட்டுவைத்தது.

தமிழில் பெயர் வைக்கலாமா? வைக்கலாம். ரூட்டிலேயே .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று மூன்று தமிழ் முடிவுகள் இருக்கின்றன. பிரிண்டருக்கு "அச்சு" என்று நானும் பெயர் வைத்துப் பார்த்தேன். ஆனால் டிஎன்எஸ் பாக்கெட்டுக்குள் தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை. பியூனிகோடு என்ற முறையில், எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் போகிறது. அமைப்புக் கோப்பிலும் அந்த வடிவத்தில்தான் எழுதினேன். பிரவுசரில் அச்சு, லாகில் வாயில் நுழையாத ஏதோ ஒன்று. இரண்டு வாரம் கழித்து அந்த லாக் வரியை நானே ஏதோ வைரஸ் என்று நினைத்துப் பயந்ததும் உண்டு.

ஒரு டொமைனின் பெயர்களைப் பட்டியலிடும் பைண்டின் ஸோன் கோப்பில் எழுதுபவர்களுக்கு ஒரு புள்ளி விஷயம். முழுப் பெயரின் கடைசியில் புள்ளி வைக்க மறந்தால், அதற்குப் பின்னால் டொமைன் பெயரை இன்னொரு முறை ஒட்டிவிடும். கோப்பைத் திருத்தியபின் அதன் தொடக்கத்தில் வரும் எஸ்ஓஏ வரியிலுள்ள வரிசை எண்ணையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் அதை நகலெடுக்கும் இரண்டாவது சர்வர் எதுவும் மாறவில்லை என்றே இருந்துவிடும்.

அந்தரங்கம் எவ்வளவு?

சொந்த ரிசால்வர் வைத்தால் இணைப்பு தரும் நிறுவனம் ஒன்றும் பார்க்க முடியாது என்று நம்புகிறவர்கள் அதிகம். அது பாதிதான். அன்பவுண்ட் ரூட்டையும் மற்றவர்களையும் கேட்கும் கேள்விகள் பூட்டில்லாமல் திறந்த கடிதமாகத்தான் போகின்றன. உங்கள் தேடல் முழுவதும் ஒரே பெரிய நிறுவனத்தின் கையில் குவியாது என்பது லாபம். வழியில் நிற்பவர் படிக்க முடியும் என்பது மாறவில்லை.

படிப்பதோடு நிற்காதவர்களும் உண்டு. முன்பு எனக்கிருந்த ஓர் இணைப்பில், வெளியே போகும் 53-ஆம் போர்ட் பாக்கெட்டை யாருக்குப் போனாலும் மடக்கி, அவர்களே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடிக்க எளிய வழி: டிஎன்எஸ் சர்வரே இல்லாத ஏதோவொரு எண்ணிடம் ஒரு பெயரைக் கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கூடாது. வந்தால் நடுவில் ஆள் இருக்கிறார். அந்த நிலையில் சொந்த ரிசால்வர் ஓட்டுவதில் அர்த்தமில்லை. விபிஎன் வழியாகவோ, டிஎல்எஸ் பூட்டோடு 853-ஆம் போர்ட்டில் பேசும் வெளி ரிசால்வர் ஒன்றிடமோ அன்பவுண்டைத் திருப்பிவிடுவதே வழி.

மறுபக்கம், வீட்டுச் சாதனங்களே உங்களைத் தாண்டிப் போகலாம். ஆண்ட்ராய்டில் 2018-இன் 9-ஆம் பதிப்பிலிருந்து பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் யாரோ ஒரு பெயரைப் போட்டிருந்தால் அந்த ஃபோன் உங்கள் பை-ஹோலைச் சீண்டாது. பிரவுசர்கள் எச்டிடிபிஎஸ் வழியாகவே கேட்கத் தொடங்கிவிட்டன. விளம்பரம் போகவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

மறுபடி கடிகாரத்துக்கு

2008-இல் டான் காமின்ஸ்கி, ரிசால்வர்களின் கேஷில் பொய்ப் பதிலைத் திணிப்பது எவ்வளவு எளிது என்று காட்டினார். கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தம் பார்க்க இருந்தது 16 பிட் எண், 65,536 வாய்ப்பு மட்டும். கேள்வி கிளம்பும் போர்ட்டையும் கண்டபடி மாற்றி அவசரமாக ஒட்டுப் போட்டார்கள். நிரந்தரத் தீர்வாகச் சொல்லப்பட்டது டிஎன்எஸ்செக்: ஒவ்வொரு பதிலுக்கும் டிஜிட்டல் கையெழுத்து. 2010 ஜூலையில் ரூட்டும் கையெழுத்திடப்பட்டது. அந்தக் கையெழுத்து ஒவ்வொன்றிலும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கிறது. அதைச் சரிபார்க்க ரிசால்வருக்கு இன்றைய தேதி தெரிந்தாக வேண்டும்.

ராஸ்பெர்ரி பை 4 வரையிலான மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நாம்தான் வாங்கிச் செருக வேண்டும். என்னுடையது 4. மின்சாரம் போனால், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து தொடங்கும், பிறகு நெட்டில் நேர சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். கன்டெய்னருக்குத் தனிக் கடிகாரம் இல்லை, பை சொல்வதுதான் அதற்கும் நேரம்.

ஜனவரி 18 இரவு அன்பவுண்டின் லாகைத் திறந்து பார்த்தால் வரிகளில் தேதி 13. போகி அன்று நாங்கள் கிளம்பிய தேதி. ரூட்டின் கையெழுத்து இன்னும் தொடங்கவே இல்லை என்ற பொருளில் வரிக்கு வரி புலம்பிக்கொண்டிருந்தது. அன்பவுண்ட் கொஞ்சம் முன்பின் பொறுத்துக்கொள்ளும், அதிகபட்சம் ஒரு நாள். ஐந்து நாளைப் பொறுக்காது. எல்லாப் பதிலையும் போலி என்று தள்ளியது. கடிகாரத்தைத் திருத்த பை நேர சர்வரைக் கேட்க வேண்டும். நேர சர்வருக்கு இருந்தது பெயர். அந்தப் பெயரை பை யாரைக் கேட்கும்? ரிசால்வ்.கான்ஃபில் பெருமையாக 127.0.0.1 என்று எழுதியிருந்தேன். அதாவது அந்தக் கன்டெய்னரை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் கதை.

தேதியைக் கையால் ஒரு கட்டளையில் மாற்றினேன். ஒரு நிமிடத்தில் அம்மாவின் யூடியூப் ஓடியது.

இதே முடிச்சு உலக அளவில் விழுந்ததும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் போலக் காணாமல் போயின. பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அவர்களின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பைத் துண்டித்தது. டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால் தாங்கள் பழுது என்று கருதி, தங்களுக்கு வரும் பாதை அறிவிப்புகளைத் திரும்பப் பெறும்படி அவர்களின் டிஎன்எஸ் சர்வர்கள் அமைக்கப்பட்டிருந்தன. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, யாராலும் எட்ட முடியவில்லை. டிஎன்எஸ் போனதால் சரிசெய்ய உதவும் உள் கருவிகளும் உடைந்தன. பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அளவு வேறு, சங்கதி என் அலமாரி மேல் நடந்ததுதான்.

அதன்பின் செய்த மாற்றங்கள் பெரிதல்ல. டிஎன்எஸ் கன்டெய்னரைத் தாங்கும் கணினி தன் பெயர்களை அந்தக் கன்டெய்னரிடம் கேட்பதில்லை, ரவுட்டரைக் கேட்கிறது. இமேஜ் இழுப்பதற்கும் இதுவே வழி. இருந்தும், புதுப்பிக்கும்போது முதலில் புது இமேஜை இழுத்துவிட்டு, அப்புறம்தான் பழைய கன்டெய்னரை நிறுத்துகிறேன். நேர சர்வர்களில் ஒன்றைப் பெயரில்லாமல் எண்ணாகவே கொடுத்திருக்கிறேன். பை-ஹோலுக்கு அன்பவுண்டின் முகவரியும் எண்தான், அதற்காக அந்தக் கன்டெய்னருக்கு நிலையான முகவரி.

ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 போட்டுவைக்கலாமே என்று தோன்றும். நானும் போட்டேன். முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். சாதனங்கள் அப்படி நினைப்பதில்லை. சில மாறி மாறிக் கேட்கும், சில வேகமாகச் சொல்பவரையே பிடித்துக்கொள்ளும். விளம்பரம் பாதி வரும், பாதி வராது, பிரிண்டரின் பெயர் சில நேரம் மட்டும் தெரியும். இரண்டாவது வேண்டுமென்றால் அதுவும் இதே அமைப்பில் ஓடும் இன்னொரு பெட்டியாக இருக்க வேண்டும். என் வீட்டில் அது திரை உடைந்த பழைய லேப்டாப். அதே கோப்புகளைக் கொண்டுபோய் அங்கேயும் கன்டெய்னரை எழுப்பினேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. லேப்டாப்பில் பேட்டரிக் கடிகாரம் இருக்கிறது என்பது கூடுதல் நன்மை.

ரவுட்டரின் பக்கவாட்டில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன். ரவுட்டரின் எண், உள்ளே நுழையும் வழி, டிஎன்எஸ் என்ற இடத்தில் எழுதியிருப்பதை அழித்துவிட்டு ஆட்டோ என்று மாற்றிவிடவும், மூன்று வரி. நான் வீட்டில் இல்லாத நாளில் நெட் நின்றால் அம்மா அதைப் பார்த்துச் செய்வார். ஒரு முறை செய்தும்விட்டார். எனக்கு அது தெரிந்தது, பை-ஹோலின் லாகில் நான்கு நாளாக ஒரு கேள்வியும் இல்லையே என்று பார்த்தபோதுதான்.